64 ட்ராக்குக்குள் தொலைந்த வரி

போன வருசம் பீடத்துக் கலை விழாவுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்தோம். வரிகளை எழுதினது எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தி. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா தொழிலுக்குப் போற நாட்களையும், போகேலாமல் கரையில் குந்தியிருக்கிற நாட்களையும் பற்றி எழுதியிருந்தாள். மிக்ஸ் பண்ணினது நான். கொக்குவிலில் ஒரு வாடகை அறை, ஒரு லப்டொப், கடன் வாங்கின மைக் ஒன்று, எதிரொலி வராமல் இருக்கச் சுவரோடு நிமிர்த்தி வைச்ச கட்டில் மெத்தை. எங்கட ஸ்டூடியோ அவ்வளவுதான்.

முதல் மிக்ஸ் மெல்லிசாக இருந்தது. ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு தாளம். பெரிய ஆக்களின்ர பாட்டு மாதிரி 'நிறைஞ்சு' கேட்கவில்லை. அதனால் சேர்க்கத் தொடங்கினேன். கிட்டாருக்குக் கீழே ஒரு பேட். பேட்டுக்கு மேலே ஒரு சின்த். கிக்குக்கு மேலே இன்னொரு கிக். கோரஸ் குரலை கொப்பி பண்ணி ஆறு தரம் பேஸ்ட். முடிக்கேக்க 64 ட்ராக். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஸ்டேட்டஸும் போட்டேன். விழாவில் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது எல்லாரும் கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் அவள் அதை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினாள். பின்னேரம் அவர் குரலில் ஒரு பதில் வந்தது. அவள் எங்களுக்கும் போட்டுக் காட்டினாள்.

"மேளம் நல்லா இருக்குப் பிள்ளை. நீ எழுதின பாட்டை எப்ப அனுப்புவாய்?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்த வரிகள் எழுதப்பட்டதே ஒரேயொரு ஆள் கேட்கத்தான். அந்த ஆளுக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. இடையில் நின்று மறைத்தது என்னுடைய 64 ட்ராக்.

அதற்குப் பிறகு இந்த 'லேயரிங்' என்ற விசயத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். எங்கட வயதுப் பெடியள், பிள்ளையள் வீட்டில் இருந்தே செய்கிற பாட்டுகளைக் கேட்கும்போதும் இதே பிரச்சினை தெரிகிறது. எல்லாம் பெரிசாக இருக்கு. எல்லாம் சத்தமாக இருக்கு. பாடுகிறவர் என்ன சொல்லுகிறார் என்பது மட்டும் விளங்காது. என் நிலைப்பாட்டை முதலே சொல்லி விடுகிறேன்: ஒரு பாட்டு நிறைவாகக் கேட்பதற்கும் அதில் எத்தனை ஒலி இருக்கு என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வேலையும் ஒரு இடமும் இருக்கா என்பதுதான் கேள்வி. வேலை இல்லாத லேயர் சும்மா நிற்காது. பக்கத்தில் வேலை செய்கிற லேயரையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் என்ர கொப்பி-பேஸ்ட் கதையை எடுங்கோ. ஒரே பதிவை அப்படியே இன்னொரு ட்ராக்கில் போட்டால் என்ன நடக்கும்? 6 டெசிபல் சத்தம் கூடும். அவ்வளவுதான். குரல் தடிக்காது, அகலாது. வொல்யூமைக் கூட்டினால் கிடைக்கிற அதே பலன். சரி, கொப்பியைக் கொஞ்சம் பிந்தி வைத்துப் பார்ப்பம் எண்டு சில மில்லி செக்கன் தள்ளி வைத்தால், சில அலைவரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். குழாய்க்குள்ளே நின்று பாடுகிற மாதிரி இருக்கும். இரண்டு கிக்கை ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்கும்போதும் இதே ஆபத்து. ஒன்றின் அலை மேலே போகிற நேரம் மற்றதன் அலை கீழே போனால், இரண்டும் சேர்ந்து ஒன்றைவிட மெல்லிசாகக் கேட்கும். கூட்டினோம் என்று நினைப்போம். உண்மையில் நடந்தது கழித்தல்.

அப்ப ஒரு கோரஸ் உண்மையில் எப்படித் தடிக்கிறது? அதே வரியை ஆள் திரும்பப் பாட வேண்டும். இரண்டாம் தரம் பாடும்போது சுருதி ஒரு மயிரிழை விலகும், ஒரு எழுத்துக் கொஞ்சம் முந்தும், மூச்சு வேறிடத்தில் விழும். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களைத்தான் காது 'பல பேர்' என்று எடுத்துக்கொள்ளுகிறது. மட்டக்களப்புக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. வட்டக்களரியில் கூத்தர் பாடின வரியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். மைக் இல்லாத காலத்தில் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் வரி போய்ச் சேர்ந்ததற்கு அந்தத் திருப்பிப் பாடுதலும் ஒரு காரணம். முதலாம் தரம் தவறவிட்ட சொல்லை இரண்டாம் தரம் பிடிக்கலாம். அங்கே லேயரின் வேலை வரியைக் கொண்டு போய்ச் சேர்ப்பது. நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

அடுத்தது இடம். எங்கட கோயில் திருவிழாவில் சுவாமி வெளிவீதி வரும்போது மேளச் செட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கோ. சுருதிப்பெட்டி, முந்தின காலத்தில் ஒத்து, ஒரே சுருதியில் அசையாமல் பின்னால் இருக்கும். அதற்கு மேலே நாதஸ்வரம். தவிலின் ஒரு பக்கம் கீழே ஆழமாக அதிரும், விரல்கூடு போட்ட மற்றப் பக்கம் வெட்டி வெட்டிக் கேட்கும். எல்லாவற்றுக்கும் உச்சியில் தாளம், சின்னதாக, கூர்மையாக. அவ்வளவு சத்தத்திலும் நீங்கள் எதைக் கேட்க வேண்டுமென்று நினைக்கிறீர்களோ அதைத் தனியாகக் கேட்கலாம். சுருதி அசையாமல் இருப்பதால் நாதஸ்வரத்தின் அசைவு தெரிகிறது. தாளம் உச்சியில் இருப்பதால் தவிலோடு மோதாது. நாதஸ்வரத்தில் ஆலாபனை போகிற நேரம் தவில்காரர் சில இடங்களில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அவர் சும்மா இருப்பதும் மிக்ஸில் ஒரு பகுதி என்பது எனக்கு இப்பத்தான் விளங்குகிறது.

இதையே கொம்பியூட்டர் மொழியில் சொன்னால் அலைவரிசை. கிட்டாரின் கீழ்க் கம்பிகள், கீபோர்டின் இடக்கைச் சுரங்கள், ஆண் குரலின் கனம், அறையின் எதிரொலி எல்லாம் ஏறக்குறைய 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்தில் வந்து நெருங்கும். நாலு லேயரும் அங்கேயே குவிந்தால் பாட்டு 'சேறு' மாதிரிக் கேட்கும். சொல்லை விளங்க வைக்கிற மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்தில் இருக்கு. 'கடல்' என்றதும் 'படல்' என்றதும் வேறு வேறு சொல் என்று காது பிரித்தெடுப்பது அங்கேதான். நாங்கள் ஆசைப்பட்டுப் போடுகிற பிரகாசமான சின்த், டிஸ்டோர்ஷன் கிட்டார், கைதட்டல் சாம்பிள் எல்லாம் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். குரலின் வொல்யூமைக் கூட்டினாலும் சொல் விளங்காது. மற்றவை எழும்பி இடம் விட வேண்டும்.

இன்னொரு விசயம், கேட்கிற கருவி. நான் மிக்ஸ் பண்ணினது ஹெட்போனில். எங்கட பாட்டைக் கேட்கிற ஆக்களில் எத்தனை பேரிடம் நல்ல ஹெட்போன் இருக்கு? போனின் சின்ன ஸ்பீக்கரில், ஓட்டோவில், கடையில் ஒரு மூலையில் வைத்துக் கேட்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் வராது. 50, 60 ஹெர்ட்ஸில் நான் இரண்டு நாள் மினக்கெட்டு அடுக்கின கிக் அங்கே கிட்டத்தட்ட இல்லை. இடது வலது என்று அகலமாகப் பரப்பி வைத்ததும் ஒற்றை ஸ்பீக்கரில் ஒன்றாக நெரிந்துவிடும். ஹெட்போனில் பெரிய மாளிகையாக இருந்தது அவள் அப்பாவின் போனில் ஒரு தகரக் கொட்டிலாகிப் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். உலகத்தில் பெரிய பாட்டுகள் நிறைய லேயர் போட்டுத்தானே வந்தன? உண்மை. 1951இல் லெஸ் போலும் மேரி ஃபோர்டும் 'ஹவ் ஹை த மூன்' பாட்டில் கிட்டார்களையும் ஒரே ஆளின் குரலையும் அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். 1963இல் வந்த 'பீ மை பேபி' பாட்டு, ஃபில் ஸ்பெக்டரின் 'ஒலிச் சுவர்' முறைக்குப் பேர் போனது. (ஸ்பெக்டர் 2009இல் கொலைக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர். அவரை ஆளாக மெச்ச எனக்கு விருப்பமில்லை. முறையை மட்டும் பார்ப்பம்.) லொஸ் ஏஞ்சல்ஸில் கோல்ட் ஸ்டார் என்ற ஸ்டூடியோவில் பல கிட்டார், பல பியானோ என்று ஒரே பகுதியைப் பல பேரை ஒரே அறையில் வாசிக்க வைத்து, எதிரொலி அறைக்குள் விட்டுப் பதிந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கோ. முதலில் தனி ட்ரம் வருகிறது. சுவர் முழுக்கப் பின்னால் நிற்கிறது. ரோனியின் ஒற்றைக் குரல் முன்னால் நிற்கிறது. அந்தச் சுவர் கட்டப்பட்டது குரல் சாய்ந்து நிற்கத்தான்.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' 1967இல் வந்தது. நாலு தட ரேப் இயந்திரங்களில் பதிந்த ஆல்பம் அது. தடம் முடிந்துவிட்டால், பதிந்தவற்றை ஒன்றாகக் கலந்து இன்னொரு ரேப்புக்கு மாற்றி, காலியான தடங்களில் திரும்பப் பதிய வேண்டும். கலந்த பிறகு பிரிக்க ஏலாது. எது முக்கியம், எது பின்னால் என்று ஒவ்வொரு தரமும் முடிவெடுத்தே ஆக வேண்டும். எங்கட லப்டொப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் முடிவெடுக்காமலே கடைசி வரை போகலாம். என்னுடைய 64இல் பாதி, முடிவெடுக்கப் பயந்து வைத்திருந்தவை. "இது வேணுமா?" என்ற கேள்விக்கு "இருக்கட்டும்" என்று பதில் சொல்லிச் சொல்லி வந்தவை.

எங்களுக்குக் கிட்டவுள்ள உதாரணம் என்றால் இளையராஜா. 1980களின் அவருடைய பாட்டு ஒன்றை எடுத்து, ஒரு தரம் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கோ. அது குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டிருக்கும். குரல் நீட்டி நிற்கிற இடத்தில் பேஸ் நடக்கும், குரல் ஓடுகிற இடத்தில் பேஸ் நிற்கும். பிறகு வயலின்களைக் கேளுங்கோ. அநேகமாகக் குரல் மூச்சு விடுகிற இடைவெளியில் வந்து பதில் சொல்லிவிட்டுப் போகும். அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக் குறிப்பாக எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தவர். மிக்ஸ் மேசைக்கு வர முதலே காகிதத்தில் இடம் பிரித்தாகிவிட்டது. நாங்கள் எழுதும்போது பிரிக்காமல் எல்லாவற்றையும் ஈ.கியூ. வைத்துப் பிரிக்கப் பார்க்கிறோம்.

குரலைப் புதைப்பதே நோக்கமாக இருக்கிற இசையும் இருக்கு. 'மை பிளடி வேலண்டைன்' குழுவின் 1991 ஆல்பமான 'லவ்லெஸ்' அப்படித்தான். குரல் கிட்டார்களுக்குள் கரைந்து இன்னொரு வாத்தியமாகக் கிடக்கும். எனக்குப் பிடித்த ஆல்பம். அவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள். ஒருத்தி தன் அப்பாவுக்கு எழுதின வரியை நான் அப்படி வேண்டுமென்று புதைக்கவில்லை. தெரியாமல் புதைத்துவிட்டு அதற்கு 'ஃபுல் சவுண்ட்' என்று பெயர் வைத்தேன்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒரு பகுதி இருக்கு. அந்த 64இல் 'கிராமத்து ஃபீல்' வர வேண்டுமென்று ஒரு சாம்பிள் பெக்கிலிருந்து எடுத்த பறை லூப் மூன்று இருந்தது. எந்த நாட்டில், யார் அடித்தது என்று எனக்குத் தெரியாது. அதே நேரம் எங்கட பட்சிலேயே மத்தளம் வாசிக்கிற மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் ஒவ்வொரு நாளும் என்னோடு கன்டீனில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனை நான் கேட்கவேயில்லை. லூப்பை இழுத்துப் போட அஞ்சு செக்கன் போதும். ஆளைக் கேட்டால் நேரம் பார்க்க வேண்டும், மைக்கை எங்கே வைப்பது என்று மண்டை உடைக்க வேண்டும், அவன் "இந்த இடத்தில அந்த அடி வராது மச்சான்" என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டும். லூப் வாய் திறந்து கதைக்காது. எங்கட பாட்டுகளில் எங்கட வாத்தியங்கள் வாசம் சேர்க்கிற தூளாக மட்டும் வருவதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பிறகு என்ன செய்தோம்?

திரும்பத் திறந்தேன். முதலில் எல்லா ட்ராக்கையும் மியூட் பண்ணினேன். குரலை மட்டும் போனுக்கு அனுப்பிக் கேட்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கும்போது ஒரே கேள்வி: "இது வந்ததால வரி இன்னும் நல்லா விளங்குதா, இல்ல மறையுதா?" பதில் சொல்லத் தெரியாத லேயர் எல்லாம் வெளியே. கொப்பி பண்ணின கோரஸ் ஆறையும் அழித்துவிட்டு, நாங்கள் ஐந்து பேரும் மெத்தைக்கு முன்னால் ஒவ்வொருவராக நின்று பாடினோம். எங்களில் இரண்டு பேருக்குச் சுருதி சேராது. அவர்களை மைக்கிலிருந்து நாலு அடி தள்ளி நிற்க வைத்தோம். ஆச்சரியமாக, அதுதான் கோரஸுக்குக் கூட்டம் மாதிரி ஒரு ஆழம் கொடுத்தது. சரணத்தில் பேட் இல்லை. அது பல்லவியில் மட்டும் வரும். முதலில் இல்லாதது பிறகு வரும்போதுதான் 'நிறைஞ்சிட்டுது' என்று காது உணரும். முழுப் பாட்டிலும் நிறைந்திருந்தால் நிறைவதற்கு எங்கே இடம்?

மட்டக்களப்புப் பெடியன் மத்தளத்தோடு வந்தான். கிக்கின் ஆழம் போனில் வராது என்றேனே, மத்தளத்தின் வெட்டு அடி வரும். கிக் கீழே, மத்தளம் அதற்கு மேலே. பெரிய ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாக விழும், போனில் கிக் செத்தாலும் மத்தளம் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லேயர் எதற்காக என்று நான் உண்மையாகவே விளங்கிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

கடைசியில் 23 ட்ராக். சத்தியமாகச் சொல்லுகிறேன், 64ஐவிடப் பெரிசாகக் கேட்டது.

நீங்களும் மிக்ஸ் பண்ணுகிற ஆள் என்றால் ஒரு சின்னச் சோதனை. பாட்டின் வரிகளை முன்பின் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுங்கோ. ஹெட்போன் இல்லாமல், மின்விசிறி ஓடுகிற அறையில், ஒரே தரம் கேட்கச் சொல்லுங்கோ. பிறகு கேட்ட வரிகளை எழுதித் தரச் சொல்லுங்கோ. உங்களுக்கு வரிகள் மனப்பாடம், ஆனபடியால் உங்கட காது உங்களுக்குப் பொய் சொல்லும். வராத சொல்லையும் மூளை நிரப்பிவிடும். எழுதித் தந்த தாளில் எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனை லேயரைத் தூக்கிப் பாருங்கோ. ஸ்கிரீன்ஷொட்டுக்கு லைக் விழுவது எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் கேட்கிற ஆளுக்குத் திரை தெரியாது.

புது மிக்ஸை அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அன்றைக்குப் பதில் வரவில்லை. நான் பயந்துபோனேன். அடுத்த நாள் காலமை வந்தது, முந்தினதைவிட நீளமான குரல் பதிவு. பின்னால் காற்றுச் சத்தம்.

"பிள்ளை, ரெண்டாவது இடத்தில சோளகத்துக்குத் தொழில் இல்லையெண்டு எழுதியிருக்கிறாய். அது பிழை. சோளகத்தில எங்கட கடல் அமைதியெல்லே? வாடைக்குத்தான் வள்ளம் கரையில கிடக்கிறது. உனக்குத் தெரியாதே?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். ஒரு சொல்லின் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர் கேட்டிருக்கிறார்.

சொல்லை மாற்றிப் பதிந்தோம். 'சோளகம்' இருந்த இடத்தில் 'வாடை' குட்டையாக இருந்தது, மெட்டுக்குப் போதவில்லை. 'வா'வை இழுத்துப் பாடச் சொன்னேன். அந்த இடத்தில் மத்தளத்தையும் நிறுத்திவிட்டோம். கொஞ்ச நேரத்துக்கு அவளின்ர குரல் மட்டும் போகும்.